தேயிலைத் தோட்டத்தின் முதல் ஆயிரம் நாள்கள்: வால்பாறைக் குழந்தைகளின் உடல்நலம், தொற்று, கல்வி

கோவை மாவட்டத்தின் ஆனைமலைத் தொடரில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில் அமைந்துள்ளது வால்பாறை. இங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் நான்கைந்து தலைமுறைகளாக உழைத்துவரும் தொழிலாளரில் பெரும்பான்மையினர் பட்டியல் சாதியினர். வால்பாறை சட்டமன்றத் தொகுதியும் தனித் தொகுதியே. அண்மை ஆண்டுகளில் ஜார்க்கண்ட், அசாம், ஒடிசா மாநிலங்களிலிருந்து வந்த ஆதிவாசிக் குடும்பங்களும் இவர்களோடு இணைந்துள்ளன. இம்மலையின் தொல்குடிகளான காடர், முதுவர், மலசர் ஆகியோர் தோட்டங்களைச் சூழ்ந்த வனக் குடியிருப்புகளில் வாழ்கின்றனர்.

கருவுற்ற நாளிலிருந்து இரண்டாம் பிறந்தநாள் வரையிலான ஏறத்தாழ ஆயிரம் நாள்களே ஒரு குழந்தையின் உயரத்தையும் மூளை வளர்ச்சியையும் பெரிதும் தீர்மானிக்கின்றன என்பது இன்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட முடிவு. அந்நாள்களில் ஏற்படும் தொற்றும் ஊட்டக்குறைவும் பின்னாளில் பள்ளியிலும் பணியிடத்திலும் விளைவைக் காட்டுகின்றன. இக்கட்டுரை அந்த ஆய்வு முடிவுகளைத் தொகுத்து, தோட்டக் குடியிருப்பில் பிறக்கும் தலித், ஆதிவாசிக் குழந்தைகளுக்கு அவை எதைச் சொல்கின்றன என்பதை விளக்குகிறது.

காய்ச்சல் காட்டிலிருந்து தொடங்கிய வரலாறு

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆனைமலைக் காடுகள் தோட்டங்களாக மாற்றப்பட்டபோது, சமவெளியின் வறண்ட மாவட்டங்களிலிருந்து நிலமற்ற மக்கள் கங்காணிகளால் திரட்டப்பட்டனர். முன்பணம் என்னும் கடன் அவர்களை மலையோடு பிணைத்தது. சென்னை மாகாணத்தில் 1903இல் இயற்றப்பட்ட தோட்டத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தத்தை மீறி வெளியேறுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

மலையில் அவர்களை எதிர்கொண்டது மலேரியா. மேற்குத் தொடர்ச்சி மலையின் முதன்மை நோய்க்கடத்தியான அனாபிலஸ் ஃப்ளூவியாட்டிலிஸ் கொசு, மெதுவாக ஓடும் தெளிந்த ஓடைகளின் ஓரங்களில் பெருகுவது. ஓடைக்கு அருகில் நெருக்கமாகக் கட்டப்பட்ட லைன் வீடுகள் அதற்கு வாய்ப்பாக அமைந்தன. 1941 முதல் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல், தொழிற்சங்கத்தை உருவாக்குவதிலும் பங்கெடுத்தார். அவர் 1969இல் வெளியிட்ட 'ரெட் டீ' என்னும் ஆங்கில நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' எனத் தமிழில் வந்தது. நோயை இயற்கையின் சீற்றமாகக் காணாமல், கூலி, குடியிருப்பு, கங்காணி முறை ஆகியவற்றின் விளைவாக ஒரு மருத்துவர் பதிவு செய்ததே அந்நூலின் சிறப்பு. அந்தப் பார்வை இன்றைய தொற்றுகளுக்கும் பொருந்தும்.

புழுவும் இரத்தசோகையும்

மலையின் ஈரமும் நிழலும் கொக்கிப்புழுவுக்கு உகந்தவை. திறந்தவெளியில் விழும் மலத்திலிருந்து வெளிவரும் இளம்புழு, மண்ணில் காத்திருந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் நுழைகிறது. குருதியோட்டத்தில் நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் தங்கி, அங்கே குருதியை உறிஞ்சுகிறது. உருண்டைப்புழுவும் சாட்டைப்புழுவும் முட்டைகளாக, கழுவாத கைகளின் வழியாகவும் உணவின் வழியாகவும் பரவுகின்றன.

தோட்டத்துக்கும் கொக்கிப்புழுவுக்கும் உள்ள தொடர்பு நூறாண்டுகளுக்கு முன்பே அறியப்பட்டது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 1916இல் இலங்கையின் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளரிடையே கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. 1920களில் சென்னை மாகாணத்திலும் அதன் பணி நடந்தது. மருந்து கொடுக்கப்பட்டவர்கள் மீண்டும் மீண்டும் தொற்றுக்கு ஆளாயினர். கழிப்பறை கட்டாமல் மருந்து மட்டும் கொடுப்பதன் எல்லை அன்றே தெரிந்துவிட்டது.

இந்தியாவில் 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. ஆண்டுக்கு இருமுறை 1 முதல் 19 வயதினருக்கு அல்பெண்டசோல் மாத்திரை வழங்கப்படுகிறது. ஆனால், கொக்கிப்புழு பெரியவர்களிடமே மிகுதி. நாள் முழுவதும் ஈரமண்ணில் நின்று கொழுந்து பறிக்கும் தாய் அதற்கு எளிதில் ஆளாகிறார். இதனால்தான் ஊரிலுள்ள எல்லா வயதினருக்கும் மருந்து கொடுத்தால் பரவல் அறுபடுமா என்பதை 'டிவார்ம்3' என்னும் பன்னாட்டு ஆய்வு சோதித்தது. பெனின், மலாவி ஆகிய நாடுகளோடு தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையும் அதன் களங்களுள் ஒன்று. இங்கு அதை நடத்தியது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி.

தேசியக் குடும்பநல ஆய்வின் 5ஆம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டில் 6 முதல் 59 மாதக் குழந்தைகளுள் 57 விழுக்காட்டினரும், 15 முதல் 49 வயதுப் பெண்களுள் 53 விழுக்காட்டினரும் இரத்தசோகை உடையவர்கள். இதன் விளைவு சோர்வோடு நிற்பதில்லை. கோஸ்டா ரிக்கா நாட்டில் பெட்சி லோசாஃப் குழுவினர், கைக்குழந்தைப் பருவத்தில் கடும் இரும்புச்சத்துக் குறைவுற்றவர்களை 19 வயது வரை பின்தொடர்ந்தனர். சிகிச்சைக்குப் பின்னரும் அவர்களின் அறிதிறன் மதிப்பெண்கள் மற்றவர்களுடையதைவிடக் குறைவாகவே இருந்தன. வறிய குடும்பத்தினரிடம் அந்த இடைவெளி வயதோடு விரிந்தது.

வயிற்றுப்போக்கு இல்லாமலும் குன்றும் உடல்

2009இல் தொடங்கிய 'மால்-எட்' ஆய்வு வேலூர் உள்பட எட்டு நாடுகளின் எட்டு இடங்களில் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்தது. நோயுற்றபோது மட்டுமன்றி, நலமாக இருக்கும்போதும் மாதந்தோறும் மலமாதிரிகள் பரிசோதிக்கப்பட்டன. ஷிகெல்லா, கேம்பைலோபாக்டர், ஜியார்டியா, ஒருவகை ஈ.கோலை ஆகிய கிருமிகள் எந்த நோய்க்குறியும் காட்டாமல் குழந்தைகளின் குடலில் குடியிருந்தன. அவை மிகுதியாக இருந்த குழந்தைகள் இரண்டு வயதில் உயரம் குறைந்திருந்தனர்.

தொடர்ந்து கிருமிகளை எதிர்கொள்ளும் சிறுகுடலின் உறிஞ்சும் மேற்பரப்பு தேய்கிறது; குடற்சுவர் கசிகிறது; உடல் தன் ஆற்றலை வளர்ச்சிக்குச் செலவிடாமல் அழற்சிக்குச் செலவிடுகிறது. உண்ட உணவும் முழுமையாகச் சேர்வதில்லை. "பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறது, வளர்த்தி மட்டும் இல்லை" என்று தாய்மார் சொல்வதன் பின்னணியில் இத்தகைய குடற்பாதிப்பும் இருக்கலாம். அதற்குத் தாயின் கவனக்குறைவைக் காரணமாக்குவது அறிவியலுக்கும் அறத்துக்கும் பொருந்தாது.

பாதித் தீர்வுகளின் தோல்வி

வங்கதேசத்திலும் கென்யாவிலும் 'வாஷ் பெனிபிட்ஸ்' ஆய்வுகளும் (2018), ஜிம்பாப்வேயில் 'ஷைன்' ஆய்வும் (2019), எளிய குழிக்கழிப்பறை, கைகழுவும் வசதி, குளோரின் கலந்த நீர் ஆகியவற்றை வழங்கிக் குழந்தைகளின் உயரத்தை அளந்தன. இவற்றால் மட்டும் உயரம் கூடவில்லை. ஊட்ட உணவு வழங்கிய குழுக்களில் சிறிதளவு கூடியது. தமிழ்நாட்டு ஊரகப் பகுதிகளும் இடம்பெற்ற 'ஹாபின்' ஆய்வில் விறகடுப்புக்கு மாற்றாகச் சமையல் எரிவாயு வழங்கப்பட்டது. குழந்தைகளின் பிறப்பு எடையிலோ நிமோனியாவிலோ எதிர்பார்த்த மாற்றம் காணப்படவில்லை.

இம்முடிவுகளைக் காட்டி "கழிப்பறையால் பயனில்லை" என்று வாதிடுவோர் உண்டு. ஆய்வாளர்கள் பலர் எடுத்த முடிவு வேறு: மலிவான, துண்டுதுண்டான தலையீடுகள் கிருமியின் அளவைப் போதிய அளவு குறைப்பதில்லை, வீட்டுக்குள் குழாய்நீர், தனிக் கழிப்பறை, முறையான கழிவகற்றல், போதிய இடம், போதிய உணவு ஆகியவை ஒருசேர வேண்டும். வால்பாறைச் சூழலில் இதன் பெயர் குடியிருப்புரிமை. பழைய லைன் வீட்டின் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதும் பொதுக் குழாய்க்குப் புதுத் திருகு போடுவதும் இந்த அளவுகோலை எட்டா.

உயரத்தின் சாதி

குடும்பநல ஆய்வின் 4ஆம் சுற்றில் (2015–16) இந்தியாவில் வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், பட்டியல் பழங்குடியினரில் 44 விழுக்காடு, பட்டியல் சாதியினரில் 43 விழுக்காடு, முன்னேறிய சாதியினரை உள்ளடக்கிய 'பிறர்' பிரிவில் 31 விழுக்காடு. அஸ்வினி தேஷ்பாண்டே, ராஜேஷ் இராமச்சந்திரன் ஆகியோரின் ஆய்வு, இந்தியக் குழந்தைகளின் உயரக்குறைவை விளக்கத் தீண்டாமையையும் சாதிப் பாகுபாட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும் என நிறுவியது. டயான் காஃபியும் டீன் ஸ்பியர்ஸும் எழுதிய நூல், கழிப்பறைப் பயன்பாட்டில் இந்தியா பின்தங்கியதற்குத் தூய்மை–தீட்டு என்னும் சாதியக் கருத்தே முதன்மைக் காரணம் என்றது. மலத்தை அகற்றும் பணியைக் குறிப்பிட்ட சாதிகள்மீது சுமத்திய சமூகம், அந்த மலத்தால் பரவும் நோயையும் அச்சாதிக் குழந்தைகள்மீதே சுமத்துகிறது.

சராசரிக்குள் மறையும் குழந்தைகள்

குடும்பநல ஆய்வு மக்களை 'நகரம்', 'ஊரகம்' என இரண்டாகவே பிரிக்கிறது. அதன் மதிப்பீடு மாவட்ட அளவோடு நின்றுவிடுகிறது. வால்பாறையோ தோட்டங்களையும் உள்ளடக்கிய நகராட்சி. எனவே, காட்டோரத்து லைன் வீட்டில் பிறக்கும் குழந்தை, புள்ளிவிவரத்தில் கோவை மாவட்டத்தின் 'நகர்ப்புற'க் குழந்தை. தொழில்வளம் மிக்க ஒரு மாவட்டத்தின் சராசரிக்குள் அது கரைந்துபோகிறது.

இலங்கையின் அனுபவம் வேறானது. அங்கு மக்கள்தொகை, உடல்நல ஆய்வுகள் நகரம், கிராமம், தோட்டம் என மூன்றாகப் பிரிக்கப்படுகின்றன. 2006–07இல் நாட்டின் சராசரி உயரக்குறைவு 17 விழுக்காடாக இருக்க, மலையகத் தமிழர் வாழும் தோட்டத் துறையில் அது 40 விழுக்காடாக இருந்தது. 2016இல் 32 விழுக்காடாகக் குறைந்தது. இடைவெளி இன்னும் பெரிது. எனினும் அது எண்ணாகத் தெரிந்ததால் அரசும் தொழிற்சங்கங்களும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ஆனைமலையில் எண்ணும் திறன் இல்லாமலில்லை. யானைகளின் நடமாட்டத்தைத் தொடர்ந்து பதிவு செய்து, கைபேசிக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்குகளாலும் மக்களை எச்சரிக்கும் முறையை இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை வால்பாறையில் உருவாக்கியது. அது உயிர்களைக் காத்தது. யானை எங்கே நிற்கிறது என்று நாள்தோறும் அறிய முடிகிற மலையில், எத்தனை குழந்தைகள் வளர்ச்சி குன்றியுள்ளனர் என்பதையும் தோட்டம்தோறும் அறிய முடியும்.

பிள்ளைக் காப்பகம்: சட்டமும் வாய்ப்பும்

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வளிப்பது நாட்டின் நலன் என்றார். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடிநீர், கழிப்பறை, மருத்துவம், குடியிருப்பு ஆகியவற்றை நிர்வாகத்தின் கடமையாக்கியது. ஐம்பது பெண் தொழிலாளர்கள் இருந்தாலோ, அவர்களின் குழந்தைகள் இருபது பேர் இருந்தாலோ, ஆறு வயதுக்குட்பட்டோருக்குக் காற்றோட்டமும் தூய்மையும் உள்ள காப்பகம் நடத்த வேண்டும். பயிற்சி பெற்ற பெண் அதற்குப் பொறுப்பாக இருக்க வேண்டும் என்றது. மகப்பேறு நலச் சட்டம் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளுக்கு இரு பாலூட்டும் இடைவேளைகளைத் தந்தது. தோட்டச் சட்டத்தை உள்ளடக்கிய 2020ஆம் ஆண்டின் தொழில்பாதுகாப்புத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்துள்ளது. பழைய உரிமைகள் புதிய விதிகளில் தேய்ந்துவிடாமல் காப்பது தொழிற்சங்கங்களின் உடனடிப் பணி.

காப்பகம் குழந்தையை அடைத்துவைக்கும் கொட்டகையன்று. தாய் மலைச்சரிவில் இருக்கும் எட்டு மணிநேரமும் குழந்தையின் உணவு, பேச்சு, விளையாட்டு, தூக்கம் அனைத்தும் அங்கேதான் நிகழ்கின்றன. இலங்கையில் தோட்டப் பிள்ளை மடுவங்கள் குழந்தை மேம்பாட்டு நிலையங்களாக மாற்றப்பட்டு வருகின்றன. வால்பாறையிலும் தோட்டக் காப்பகத்தையும் அங்கன்வாடியையும் இணைத்தால், எடையும் உயரமும் மாதந்தோறும் பதிவாகும்; சாந்தாலி, சாத்ரி பேசும் வீட்டுக் குழந்தைக்குத் தமிழும் அச்சமின்றி அறிமுகமாகும்.

பள்ளி வயதில்

அதிகாலையில் பெற்றோர் வேலைக்குக் கிளம்பும் தோட்டக் குடும்பங்களுக்கு, 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் பொருள் உள்ள திட்டம். ஆனால், அது தொடக்கப் பள்ளியை எட்டிய குழந்தைக்கே கிடைக்கிறது. வளர்ச்சியின் முடிவுகள் அதற்கு முன்பே எழுதப்பட்டுவிடுகின்றன.

அச்சமும் மாணவர் நலனின் ஒரு பகுதி. 2025 ஜூனிலும் ஆகஸ்டிலும் வடமாநிலத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த இரு குழந்தைகள் குடியிருப்பின் அருகிலேயே காட்டுவிலங்கு தாக்கி உயிரிழந்தனர். இருட்டில் வெளியே கழிப்பறைக்குச் செல்ல வேண்டிய வீட்டில் தொற்றும் அச்சமும் ஒரே வாசலில் நுழைகின்றன.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, உடல்நல ஆய்வுகளில் தோட்டப் பகுதியைத் தனிப் பிரிவாக்கி, சாதிவாரியாகவும் பழங்குடிவாரியாகவும் விவரங்களை வெளியிட வேண்டும். இரண்டாவதாக, குடற்புழு நீக்க மருந்தைத் தோட்டங்களில் எல்லா வயதினருக்கும் விரிவாக்குவதை ஆராய்ந்து, கழிப்பறையோடும் காலணியோடும் இணைக்க வேண்டும். மூன்றாவதாக, ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ளேயே குழாய்நீரும் கழிப்பறையும் என்பதைக் காலவரையுடன் நிறைவேற்ற வேண்டும். நான்காவதாக, காப்பகங்களைத் தொழிற்சங்கம், தாய்மார் குழு, சுகாதாரத் துறை ஆகியவை இணைந்து ஆண்டுதோறும் தணிக்கை செய்து, அறிக்கையைத் தமிழிலும் தொழிலாளர் பேசும் பிற மொழிகளிலும் வெளியிட வேண்டும்.

2001இல் ஏறத்தாழ 95,000ஆக இருந்த வால்பாறையின் மக்கள்தொகை 2011இல் ஏறத்தாழ 71,000ஆகக் குறைந்தது. பிள்ளைகளின் எதிர்காலத்தைத் தேடி மலையிறங்கியோர் பலர். அவர்கள் விட்டுச்சென்ற அதே லைன் வீடுகளில் இன்று ஜார்க்கண்டின் குழந்தைகள் வளர்கின்றனர். குடியிருப்போர் மாறியும் குடியிருப்பு மாறாதவரை, அந்த மண்ணின் புழுவும் நீரின் கிருமியும் அடுத்த தலைமுறையின் உடலிலும் தொடரும்.