கேஷ் (ஆங்கிலச் சொல்)

கேஷ் என்பது கைப்பணம், ரொக்கம் என்ற பொருளில் உலகெங்கும் வழங்கும் ஆங்கிலச் சொல். எழுத்தும் ஒலியும் ஒன்றாக இருந்தாலும் இதற்குள் இரண்டு தனிச்சொற்கள் அடங்கியுள்ளன. ஒன்று ஐரோப்பியப் பணப்பெட்டியின் பெயரிலிருந்து பிறந்தது. மற்றொன்று, ஆசியாவின் சிறுநாணயங்களைக் குறிப்பது, தமிழ்க் காசிலிருந்து போனது. ஆங்கில அகராதிகள் இவ்விரண்டையும் தனித்தனிப் பதிவுகளாகவே தருகின்றன.

பெட்டி

லத்தீனில் பெட்டிக்குக் காப்சா என்று பெயர். அது இத்தாலியத்தில் காஸா, பிரெஞ்சில் கேஸ் என ஆகி, 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்தில் கேஷ் என்று நுழைந்தது. அப்போது அதன் பொருள் நம் கடைகளில் உள்ள கல்லாப்பெட்டிதான். பெட்டியின் பெயர் அதிலிருந்த பணத்துக்கும் ஆகிவந்து, 18ஆம் நூற்றாண்டில் பெட்டிப் பொருள் வழக்கொழிந்தது. உறை, பெட்டி ஆகியவற்றைக் குறிக்கும் கேஸ், மருந்துக்கூடான காப்ஸ்யூல், பாட்டு கேட்ட கேசட் எல்லாம் இதே காப்சாவின் வழிவந்தவை.

காசு

இரண்டாவது கேஷின் வரலாறு வேறு. தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு நான்கிலும் காசு உண்டு. வடமொழியில் கர்ஷம் என்ற எடைப்பெயரே காசு ஆயிற்று என்பது, 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியைத் தொகுத்த ஹென்றி யூல், ஏ. சி. பர்னல் ஆகியோர் கொண்ட கருத்து. பின்வந்த அகராதிகள் பலவும் இதையே பின்பற்றுகின்றன. ஆனால் சங்க இலக்கியத்தில் காசு என்பது அணிகலனில் கோக்கும் உருவாகவும் மணியாகவும் வருகிறது. குறுந்தொகையின் 67ஆம் பாட்டில், கிளி தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைக் கவ்வியிருக்கிறது. புதுநூலில் கோப்பதற்காகப் பொற்கொல்லன் நகநுனியில் பிடித்திருக்கும் ஒரு பொற்காசுபோல அது இருப்பதாக அள்ளூர் நன்முல்லை பாடுகிறார். வெண்பாவின் ஈற்றுச்சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என இலக்கணிகள் வாய்பாடு வைக்கும் அளவுக்கு அது வீட்டுச்சொல்லாகவும் இருந்தது. எடைக்கல்லிலிருந்து கிளைத்த சொல்லாக இதைக் காண்பது கடினம். காசு தென்னாட்டுச் சொல் என்று கொள்ள இடமுண்டு.

சோழர் காலத்தில் காசு முழு நாணயப் பெயராகிவிட்டது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் கோயில் முதற்பணத்தை ஊர்ச்சபைகள் கடனாகப் பெற்ற செய்திகள் நிறைய உள்ளன. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. ஒருபுறம் நிற்கும் உருவமும் மறுபுறம் அமர்ந்த உருவமும் கொண்ட இராசராசன் காசைப் பார்த்து, இலங்கை அரசர்களும் பிற்காலத்தில் நாணயம் அடித்தார்கள்.

கடல்வழி வந்த போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டில் காசைக் கைஷா என்று எழுதினார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதே பெயர்தான். பழகிய சொல்லின் வடிவம் புதுச்சொல்லின்மேல் ஏறிக்கொண்டது. சகரம் ஷகரமானது இங்கேதான். ஜாவா, மலாக்கா சந்தைகளில் புழங்கிய செப்பு, ஈய நாணயங்களையும் அவர்கள் இப்பெயராலேயே அழைத்தனர். 1598இல் ஆங்கிலத்தில் வெளிவந்த லின்ஸ்கோட்டனின் பயணநூல், சுந்தா நாட்டுச் செப்புக்காசைக் கைஷா என்றே குறிப்பிடுகிறது. பின்னர் சதுரத் துளையுள்ள சீன நாணயத்துக்கும் ஆங்கிலேயர் இப்பெயரை இட்டனர். ஆயிரம் நாணயத்தைக் கயிற்றில் கோத்து ஒரு சரமாக எண்ணிய சீனருக்கு இந்தப் பெயரே தெரியாது. இன்றும் உலக நாணயச் சேகரிப்பாளர்கள் சீன கேஷ் என்று சொல்லும்போது, தமிழ்ச்சொல் ஒன்றைத்தான் சொல்கிறார்கள்.

சென்னை கோட்டைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அதாவது வராகனுக்கு 3,360 காசு. 1818இல் ரூபாய் அளவையாகும்வரை இந்த முறை நீடித்தது. கிழக்கிந்தியக் கம்பெனி, பர்மிங்காமில் மேத்யூ போல்டனின் சோஹோ ஆலையில் 1803ஆம் ஆண்டிட்ட செப்பு நாணயங்களை அடித்துச் சென்னைக்கு அனுப்பியது. 20 காசு நாணயத்தின் ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம். மறுபக்கத்தில் ரோம எண்ணில் இருபது போட்டு கேஷ் என்று ஆங்கிலம். கூடவே பாரசீக எழுத்தில், இத்தனை காஸ் இத்தனை ஃபுலூஸ் என்ற கணக்கு. ஆங்கிலம் ஷ என்று எழுதிய அதே தகட்டில் பாரசீகம் ஸ என்று எழுதியிருக்கிறது. தரங்கம்பாடி டேனியரும் தம் நாணயங்களில் காஸ் என்றே பொறித்தனர். 1808ஆம் ஆண்டிட்ட 10, 20 காசு நாணயங்களைப் பீப்பாய்களில் ஏற்றிச் சென்னைக்குப் புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் கப்பல், 1809 சனவரியில் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மூழ்கிற்று. 1980களில் அதிலிருந்து எடுக்கப்பட்ட நாணயங்கள் பல லட்சம்.

திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். புதுக்கோட்டை அரசர்கள் பிரகதாம்பாள் உருவம் பொறித்த சிறிய அம்மன் காசை நவராத்திரியில் அரிசியுடன் தானமாக அளித்தனர். ஆங்கிலேயர் எழுத்துகளில் இவையெல்லாம் கேஷ்தான்.

இருவழியும் கூடியது

வங்கிப் பலகையில் காசாளர் என்று எழுதியிருப்பது கேஷியருக்கு நேரான தமிழ். கேஷியர் பெட்டிக்காரர், காசாளர் காசுக்காரர். வேர் வேறாயினும் ஒலியும் தொழிலும் ஒன்றாகப் பொருந்திவிட்ட அருமையான கலைச்சொல் இது.

படையிலிருந்து ஒருவரை அவமானப்படுத்தி நீக்குவதைக் குறிக்கும் கேஷியர் என்ற வினைக்கு இவ்விரண்டோடும் உறவில்லை. அது டச்சு வழியாக வந்தது, அதன் வேர் உடைத்தல், நீக்கல் என்ற பொருளுடையது. முந்திரியைக் குறிக்கும் கேஷ்யூ, பிரேசிலின் துப்பி மொழியிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. கணினியில் தற்காலிகமாகத் தரவு வைக்கும் கேஷ், ஒளித்தல் என்னும் பிரெஞ்சு வினைவழி வந்த வேறு சொல். ஆங்கிலத்தில் எழுத்து வேறு, தமிழில் எழுதினால் ஒன்றாகிவிடும்.

இக்காலத்தில் கேஷ் என்பது கடன், காசோலை, அட்டை, கைபேசிச் செலுத்தல் ஆகியவற்றுக்கு மாறான கைப்பணத்தைக் குறிக்கிறது. கேஷ்பேக் போன்ற கூட்டுச்சொற்களும் பெருகியுள்ளன.