பூனைகளின் நீரிழிவு: சர்க்கரை ஏற்ற இறக்கமும் வீட்டுக் கண்காணிப்பும்

பூனைகளுக்கு வரும் நீரிழிவு பெரும்பாலும் மனிதரின் இரண்டாம் வகை நீரிழிவை ஒத்தது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் நலிகின்றன. சுரக்கும் இன்சுலினுக்கும் உடல் சரியாக இணங்குவதில்லை. நடுவயதைத் தாண்டிய, எடை கூடிய, கருத்தடை செய்யப்பட்ட ஆண் பூனைகளே அதிகம் பாதிக்கப்படுகின்றன. அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பது, மணல் தட்டில் சிறுநீர்க் கட்டிகள் பெரிதாவது, நன்றாகச் சாப்பிட்டும் மெலிவது ஆகியவை முதல் அறிகுறிகள். நோய் முற்றினால் நரம்புகள் பாதிக்கப்பட்டு, பின்னங்கால்களின் குதிகால் தரையில் படியும்படி பூனை நடக்கும்.

நோயைக் கண்டுபிடிப்பதைவிட, சிகிச்சை தொடங்கிய பிறகு சர்க்கரை நிலையில்லாமல் ஏறி இறங்குவதைக் கையாள்வதுதான் கடினம். அதே பூனை, அதே மருந்து, அதே அளவு. ஆனாலும் ஒரு நாள் காலையில் 140 மி.கி., மறுநாள் அதே நேரத்தில் 380. இத்தகைய தாவலைக் கண்டு பதறி மருந்தின் அளவை அன்றன்றைக்கு மாற்றுவதால் நிலைமை மேலும் மோசமாகிறது. தாவலுக்கான காரணத்தைப் பூனையின் உடம்பில் தேடுவதற்கு முன் சிரிஞ்சு, சாப்பாட்டுத் தட்டு, அளந்த இடம் ஆகியவற்றைச் சரிபார்ப்பதே முறை.

அளந்த இடம் ஏன் முக்கியம் என்பதற்குப் பெங்களூரின் தெற்கு விளிம்பிலுள்ள சந்தாபுரா நல்ல உதாரணம். ஓசூர் சாலையில், ஆனேக்கல் வட்டத்தில் உள்ள ஊர் இது. தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் பகுதி. 1958-இல் தொடங்கப்பட்ட ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரி நகரின் மறு கோடியில் இருக்கிறது. அங்கே போகக் கூடையில் அடைபட்டு, சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலைத் தாண்டி, நாய்கள் குரைக்கும் காத்திருப்பு அறையில் உட்கார்ந்த பூனைக்கு அச்சத்திலேயே சர்க்கரை எகிறும். நோயே இல்லாத பூனைக்குக்கூட அச்சத்தால் 300-ஐத் தாண்டுவது உண்டு. அந்த எண்ணை மட்டும் நம்பி மருந்தைக் கூட்டினால், வீடு திரும்பிய பிறகு சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். இதனால்தான் மருத்துவர்கள் ஃபுரக்டோசமின் பரிசோதனையைக் கேட்கிறார்கள். கடந்த ஓரிரு வாரச் சராசரியை அது காட்டும். அந்த நேரத்து அச்சம் அதைப் பாதிக்காது.

அடுத்தது சிரிஞ்சு. இந்தியாவில் மில்லிக்கு 40 யூனிட், மில்லிக்கு 100 யூனிட் என இரண்டு வலிமைகளில் இன்சுலின் கிடைக்கிறது. முதலாவதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, இரண்டாவதற்கு ஆரஞ்சு மூடி. பூனைகளுக்கு அதிகம் பரிந்துரைக்கப்படும் கிளார்ஜின் 100 யூனிட் வலிமையில் வருவது. அதைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு கோடு அளவுக்கு இழுத்தால் உடம்புக்குள் போவது இரண்டரை யூனிட். மாற்றிச் செய்தால், அதாவது 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் இழுத்தால், ஒரு கோட்டுக்கு 0.4 யூனிட்தான் போகும். பூனைக்கான தொடக்க அளவே பெரும்பாலும் வேளைக்கு ஒரு யூனிட் அளவில், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை என்பதால் அரைக் கோடு பிசகினாலும் பாதி மருந்து கூடியோ குறைந்தோ போகும். சிரிஞ்சில் சிக்கிய ஒரு காற்றுக்குமிழியும் இதே வேலையைச் செய்யும். அரை யூனிட் கோடு போட்ட 0.3 மில்லி சிரிஞ்சு தேடி வாங்கத் தகுந்தது.

சந்தாபுராவுக்குப் பக்கத்திலேயே, பொம்மசந்திராவிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும், பயோகான் நிறுவனம் இயங்குகிறது. 2004-இல் இன்சுஜென் என்ற மனித இன்சுலினையும் 2009-இல் பேசலாக் என்ற கிளார்ஜினையும் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது இந்நிறுவனம்தான். மனிதருக்கான இத்தகைய கிளார்ஜினையே கால்நடை மருத்துவர்கள் பூனைக்கும் எழுதுகிறார்கள். இதை நீர் சேர்த்து நீர்க்கச் செய்யக்கூடாது, குலுக்கக்கூடாது, குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைக்கக்கூடாது.

உணவைப் பொறுத்தவரை, பூனை முழுக்க முழுக்க ஊனுண்ணி. மாவுச்சத்தைக் கையாளும் திறன் அதன் கல்லீரலுக்குக் குறைவு. நம் வீடுகளில் பூனைக்கு வைக்கும் தயிர்சாதம், பால், பிஸ்கட், மீன்குழம்பு பிசைந்த சோறு எல்லாமே சர்க்கரையை ஏற்றுபவை. கடையில் வாங்கும் உலர் தீவனத்திலும் மாவுச்சத்து கணிசம். புரதம் மிகுந்த ஈர உணவு ஏற்றது. ஆனால் இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கும்போது உணவை ஒரே நாளில் மாற்றினால் சர்க்கரை சடாரென இறங்கும். மருத்துவரோடு பேசி மருந்தையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும். எதிர்வீட்டில் பூனைக்குக் கிடைக்கும் பாலும் கணக்கில் சேரும்.

வீட்டில் அளப்பது பலர் நினைப்பதுபோல் கடினமல்ல. காது மடலை வெதுவெதுப்பான துணியால் சற்று சூடாக்கி, பின்புறம் பஞ்சைத் தாங்கலாக வைத்து, மடலின் ஓரத்தில் லான்செட்டால் குத்தினால் சிறு துளி வரும். அதுவே போதும். முடிந்ததும் பஞ்சால் சிறிது நேரம் அழுத்தி, பிடித்த இறைச்சித் துண்டு ஒன்றைக் கொடுத்தால் பெரும்பாலான பூனைகள் சில நாளில் பழகிவிடுகின்றன. மனிதருக்கான குளுக்கோமீட்டர் பூனையின் சர்க்கரையை உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். பூனைக்கென அளவீடு செய்த கருவி கிடைக்காதபோது, ஒரே கருவியைத் தொடர்ந்து பயன்படுத்தி அதன் போக்கைப் பார்க்கலாம். மனிதர் ஒட்டிக்கொள்ளும் லிப்ரே போன்ற உணரிகளையும் முடி மழித்த தோலில் ஒட்டுகிறார்கள்.

ஊசி போட்டதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாக அடுத்த ஊசி வரை அளந்து எழுதினால் ஒரு வளைகோடு கிடைக்கும். அதில் பார்க்க வேண்டியது உச்சத்தை அல்ல, மிகத் தாழ்ந்த புள்ளியை. அது 80-க்கும் 150-க்கும் இடையில் இருந்தால் நல்லது. கிளார்ஜின் தோலடியில் தேங்கி மெல்லக் கரைவதால் புது அளவின் முழுப் பலன் தெரிய ஐந்து முதல் ஏழு நாளாவது ஆகும். இறங்கிய சர்க்கரை எதிர்வினையாகக் கிளம்பி ஏறுவதைச் சோமோஜி விளைவு என்பார்கள். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் இதையே காரணம் சொல்லும் வழக்கம் இருக்கிறது. நீண்டநேர இன்சுலின் எடுக்கும் பூனைகளில் அது உண்மையில் அரிது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் அளவு தாவினால், அப்போது பூனையின் உடம்பைத் தேட வேண்டும். சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, கணைய அழற்சி, அரிப்புக்கோ வாய்ப்புண்ணுக்கோ போட்ட நீடித்துச் செயல்படும் ஸ்டீராய்டு ஊசி ஆகியவை முதலில் ஆராய வேண்டியவை. பிட்யூட்டரியிலிருந்து வளர்ச்சி ஹார்மோன் மிகையாகச் சுரப்பதும் காரணமாகலாம். பிரிட்டனில் 1,221 நீரிழிவுப் பூனைகளைப் பரிசோதித்து 2015-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு இதைக் காட்டும் ஐ.ஜி.எஃப்-1 அளவு மிக உயர்ந்திருந்தது.

மிக அஞ்ச வேண்டியது தாழ்சர்க்கரை. 60-க்குக் கீழே இறங்கினால் பூனை தள்ளாடும், சோர்ந்து படுக்கும், வலிப்பும் வரலாம். விழிப்போடு இருந்தால் உடனே உணவு கொடுக்க வேண்டும். இல்லையெனில் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் தடவி மருத்துவரிடம் ஓட வேண்டும். மயங்கிய பூனையின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. சாப்பிட மறுக்கும் வேளையில் வழக்கமான அளவை அப்படியே போடாமல் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். சோர்வு, வாந்தியோடு சிறுநீரில் கீட்டோன் தெரிந்தால் அது அவசர நிலை.

கிளார்ஜினும் வீட்டில் அளக்கும் பழக்கமும் சேர்ந்தபோது என்ன நடக்கிறது என்பதை ரூம்ப், ராண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்டார்கள். 55 பூனைகளில் 64 சதவீதம் இன்சுலினே தேவைப்படாத நிலைக்குத் திரும்பின. நோய் தெரிந்து ஆறு மாதத்துக்குள் இந்த முறையைத் தொடங்கிய பூனைகளில் இது 84 சதவீதம். அதற்குப் பிறகு தொடங்கியவற்றில் 35 மட்டுமே. உங்கள் வீட்டுப் பூனைக்குச் சர்க்கரை என்று தெரிந்தால் அந்த முதல் ஆறு மாதத்தை வீணாக்காதீர்கள். சிரிஞ்சோடு ஒரு குறிப்பேட்டையும் வாங்கி அன்றே எழுதத் தொடங்குங்கள்.