தீப்பிடித்த இடத்தில் ஒரு தேசம்

1961-ம் வருடம், மே 25. சிங்கப்பூரில் ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. புக்கிட் ஹோ சுவீ என்கிற குடிசைப் பகுதியில் பிற்பகலில் தீ பிடித்தது. ஓலைக்கூரை, பலகைச் சுவர், நல்ல காற்று. கேட்க வேண்டுமா? ராத்திரிக்குள் சுமார் பதினாறாயிரம் பேர் நடுத்தெருவில். இறந்தவர்கள் நாலு பேர்.

அப்போது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்கு ஒன்றேகால் வயது. (நம்மவர்கள் அங்கே ‘வீவக’ என்று சுருக்கிச் சொல்வார்கள்.) அதற்கு முன்னால் பிரிட்டிஷ்காரர்கள் அமைத்த ஓர் அறக்கட்டளை இருந்தது. 1927-ல் தொடங்கி முப்பத்திரண்டு வருடத்தில் அது கட்டியது சுமார் 23,000 வீடுகள். புதிய கழகம் முதல் ஐந்து வருடத்திலேயே ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. தலைவர் லிம் கிம் சான் ஒரு வியாபாரி. சம்பளம் வாங்காமல் வேலை பார்த்தார். வெந்துபோன மண்ணிலேயே அடுக்குமாடிகள் எழுந்தன. குறுகலான ஓரறை வீடுதான். ஆனால் மாத வாடகை இருபது வெள்ளி.

‘அரசாங்கமே கொளுத்திவிட்டது’ என்று ஊரில் பேச்சு கிளம்பியது. ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. பேச்சு மட்டும் பல வருடம் ஓயவில்லை. ஓயாததற்குக் காரணம் இருக்கிறது. குடிசைக்காரர்கள் அதுவரை மாடி வீட்டுக்கு வர மறுத்துக்கொண்டிருந்தார்கள். கோழி, பன்றி, காய்கறிப் பாத்தி எல்லாம் கீழே இருக்க, மேலே போய் என்ன செய்வது? பின்னாளில், பன்றிகளை மாடிப்படியில் ஏற்றிப் போனவர்களும் உண்டு என்று லீ குவான் யூவே தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

செங்கலும் சிமென்ட்டும் காசிருந்தால் எங்கும் கிடைக்கும். நிலம்? வணிகவியல் படித்தவன் புத்தி, எனக்குக் கணக்கு மேல்தான் கண் போகிறது. குடிசைகள் எரிந்து காலியானால் மனைக்கு விலை ஏறும். அந்த லாபம் நில உடைமையாளருக்குப் போகக்கூடாது என்று உடனே சட்டத்தைத் திருத்தினார்கள். 1966-ல் வந்த நில எடுப்புச் சட்டம் இன்னும் கடுமை. 1973-ல் செய்த திருத்தம்தான் உச்சம்: இனி எந்த வருடம் நிலத்தை எடுத்தாலும், 1973 நவம்பர் 30 அன்று இருந்த விலைக்கு மேல் தரமாட்டோம்! எண்பதுகளின் நடுப்பகுதி வரை இதே கதைதான். நம் ஊரில் இப்படி ஒரு சட்டம் போட்டால் கோர்ட் வாசலில் இடம் இருக்காது.

நிலம் மலிவாய்க் கிடைத்தது. வாங்குகிறவன் கையில் பணம்? 1964-ல் சொந்தவீட்டுத் திட்டம் கொண்டுவந்தார்கள். சுணக்கம். முன்பணம் கட்டத் தொழிலாளியிடம் ஏது காசு? 1968-ல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நம் பி.எஃப். மாதிரி அங்கே மத்திய சேம நிதி, 1955 முதல் இருந்தது. அந்தப் பணத்தை எடுத்து முன்பணமும் கட்டலாம், மாதத் தவணையும் கட்டலாம் என்றார்கள். அவ்வளவுதான், விண்ணப்பங்கள் குவிந்தன. தொழிலாளி ஐந்து சதவிகிதம், முதலாளி ஐந்து சதவிகிதம் என்று ஆரம்பித்த சந்தா, 1984-ல் ஆளுக்கு இருபத்தைந்து சதவிகிதம் ஆனது. சம்பளத்தில் பாதிக்குச் சமமான தொகை! கிழவனானபின் சாப்பிட வைத்த காசு சுவராக மாறியது. அரசு மானியமும் உண்டுதான். ஆனாலும், நிலத்தை மலிவாய்க் கொடுத்தவனும் சம்பளத்தில் பிடித்தம் விட்டவனும் இல்லாமல் இந்தக் கணக்கு நேராகாது. சிங்கப்பூரைப் பார் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை.

இன்று அங்கே ஐந்தில் நாலு பேர் வீவக வீட்டில்தான் குடியிருக்கிறார்கள். பெரும்பாலோருக்குச் சொந்த வீடு. சொந்தம் என்றால், 99 வருடக் குத்தகை. ரொம்ப நாள் யாரும் அந்த எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய வீடுகளும் நல்ல விலைக்குக் கைமாறின. 2017-ல் அமைச்சர் லாரன்ஸ் வோங் வெளிப்படையாகச் சொன்னார்: குத்தகை முடிந்தால் வீடு அரசாங்கத்துக்குத் திரும்பிவிடும், நஷ்டஈடு கிடையாது. பழைய வீட்டுக்காரர்கள் அன்றைக்குத்தான் பத்திரத்தை எடுத்து விரலை மடக்கினார்கள். அறுபதுகளில் விற்ற வீடுகளுக்கு 2060-களில் கெடு.