விளக்கு எரிந்தாற் போதுமா?

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருஞ்சாலையில், நகரைக் கடந்து சிறிது தூரம் வடக்கே சென்றால் அக்குறணைக் கடைத்தெரு எதிர்ப்படும். அதனருகே பிங்கா ஓயா ஓடுகின்றது. பெருமழைக் காலங்களில் அந்த ஆறு கரைபுரண்டு கடைகளுக்குள் புகுவது ஊரார் பலமுறை கண்ட துன்பம். வெள்ளம் வடிந்ததும் சேறு கழுவப்படும்; பொருள்கள் வெயிலில் உலர்த்தப்படும். அடுத்து, "கரண்டை எப்போது போடலாம்?" என்ற கேள்வி எழும். அதற்கு விடை கூற அழைக்கப்படுபவர் வயரிங் வேலை செய்பவர். சில மாதப் பயிற்சி அவ்விடையைக் கூறும் தகுதியை ஒருவருக்கு அளிக்குமா என்பது ஆராயத்தக்கது.

தச்சும் கொல்லும் போல மின்தொழில் தலைமுறை தலைமுறையாக வந்ததன்று. மின்விளக்குகளால் தீ மூளாமற் காப்பதற்கான விதிகளை, தந்திப் பொறியியலாளரும் மின்னியலாளரும் கூடிய சங்கம் இலண்டனில் வெளியிட்டது 1882ஆம் ஆண்டிலேதான். இலங்கையில் மருதானைத் தொழினுட்பப் பாடசாலை 1893இல் தோன்றியது. 1895இல் கொழும்புக் கோட்டையில் சிறு அளவில் மின்னுற்பத்தி தொடங்கிற்று. பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இல் எடுத்துரைத்த நீர்மின் திட்டம், 1950இல் இலக்சபானாவில் பலன் தந்தது. 1969இல் இலங்கை மின்சார சபை நிறுவப்பட்ட பின்னர், மின்கம்பிகள் மேன்மேலும் கிராமங்களை எட்டின. இன்று ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் மின்னொளி உண்டு. வீடுகள் பெருகிய வேகத்திலேயே தொழிலாளரும் பெருகவேண்டியதாயிற்று.

முன்னாளில் இத்தொழிலை நாடிய இளைஞன், மூத்தவர் ஒருவரின் கீழ் ஆண்டுக்கணக்கிற் கையாளாக நின்று பழகினான். கை தேறியது; ஆயினும் ஆசானின் பிழையும் மாணவனுக்கு முதுசமாயிற்று. இதனை ஒழுங்குபடுத்த 1971இல் பயிலுநர் சட்டம் வந்தது. பின்னர் ஏற்பட்ட தேசிய தொழிற் தகைமை முறையில், வேலைத்தலத்திலே பழகியவரும் தம் திறமையை மெய்ப்பித்துச் சான்றிதழ் பெறலாம். குறுகிய கால வகுப்புகளும் பெருகின. வசதியற்ற இளைஞருக்கு அவை பிழைப்புக்கு வழி திறந்தன என்பதில் ஐயமில்லை. எனினும், தமிழ்நாட்டின் தொழிற்பயிற்சி நிலையங்களில் இத்தொழிலுக்குரிய பாடநெறி இரண்டாண்டுக் காலம் என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

காலம் ஏன் வேண்டும்? இத்தொழிலிற் பிழை கண்ணுக்குத் தெரிவதில்லை. கதவு கோணினால் வீட்டுக்காரர் காண்பார். சுவிட்சை உயிர்க்கம்பியில் இணையாது நியூட்ரல் கம்பியில் இணைத்தாலும் விளக்கு எரியும், அணையும். அணைந்த விளக்கை மாற்றக் கைவைப்பவரை 230 வோல்ட்டு மின்னழுத்தம் தாக்கும். எர்த் கம்பி இடையில் அறுந்திருப்பினும் குளிர்ப்பெட்டி ஓடும். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கு விழும் ட்ரிப் சுவிட்ச் பேருதவியானது. ஆயினும் அதன் சோதனைப் பொத்தானை அழுத்துவதால் எர்த் நன்றாயுள்ளதா என்பது புலப்படாது. உயிர்க்கம்பியையும் நியூட்ரலையும் ஒருங்கே தொட்டவரை அது காக்கும் என்றும் நம்புவதற்கில்லை.

கம்பியிழுப்பதையும் இணைப்பதையும் சில மாதங்களிற் கற்கலாம். மறைந்த பிழையைத் தேடும் பழக்கமோ, பழைய வீடுகள் பலவற்றைத் திறந்து பார்த்து, அறிந்தவர் ஒருவர் திருத்த, மெல்ல மெல்ல அமைவது. வெள்ளம் புகுந்த கடையில் சுவர் உலர்ந்து தோன்றும். குழாயினுள்ளே ஈரம் தங்கியிருக்கும். மெகர் கருவியால் கம்பிகளின் காப்பை அளந்து, எர்த்தைச் சோதித்து, நனைந்த பிளக்குத்துளைகளை மாற்றிய பின்னரே மின்னைத் திறத்தல் தகும். "இன்னும் இரண்டு நாள் பொறுங்கள்" என்று, அவசரப்படும் வணிகரிடம் உறுதியாகச் சொல்வதும் அத்தொழிலின் ஒரு பகுதியே.

ஆகவே குறுகிய பயிற்சியைப் பழிப்பது முறையன்று. அதனையே முடிவெனக் கொள்வதுதான் தவறு. வகுப்பை முடித்தவர் சில காலம் தேர்ந்தவரின் பார்வையில் வேலை செய்தலும், அவர் செய்ததை வேறொருவர் சோதித்தலும் வேண்டும். வீட்டாருக்கும் இதிற் கடமையுண்டு. "விளக்கு எரிகிறதா?" என்று கேட்பதோடு நில்லாது, "எவற்றைச் சோதித்தீர்கள்?" என்றும் கேட்டல் வேண்டும். அக்கேள்விக்குத் தயங்காது விடை கூறுபவரே பயிற்சி நிறைந்தவர்.