தலைவர் படம் இல்லாத ஓர் அமைப்பு

விழா மலர் என்றால் நிறுவனர் படம், தலைவரின் வாழ்த்துரை, நன்கொடையாளர் பட்டியல் எல்லாம் இருக்கும். குடியிலிருந்து மீள ஒருவருக்கொருவர் துணை நிற்போரின் அமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பற்றிய கட்டுரையில் இவை எதற்கும் இடமில்லை. உறுப்பினர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் பத்திரிகையில் வெளிப்படுத்தக் கூடாது என்பது அதன் மரபு. வெளியார் பணத்தை அது வாங்குவதில்லை. கொச்சி மட்டாஞ்சேரித் தமிழர் வீடுகளுக்குப் போகும் இந்த மலரில் அதன் வரலாற்றைச் சேர்த்திருப்பதற்குக் காரணம் உண்டு. குடியை விட நினைப்பவர் நம் தெருக்களிலும் இருக்கிறார். "யாராவது பார்த்துவிட்டால்?" என்ற பயமே அவர் காலைக் கட்டுகிறது.

1935 மே மாதம். அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகருக்கு வந்திருந்த நியூயார்க் பங்குத் தரகர் பில் வில்சனுக்கு வந்த காரியம் கைகூடவில்லை. சில மாதங்களாகக் குடிக்காமல் இருந்தவர், மறுபடி குடித்துவிடுவோமோ என்று பயந்தார். தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியிடம் பேசினால் தப்பிக்கலாம் என்று விசாரித்தார். கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். குடியின் கெடுதி அவருக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனாலும் விட முடியாமல் இருந்தார். அந்த ஆண்டு ஜூன் 10-ஆம் தேதியை அவர் கடைசியாகக் குடித்த நாளாகக் கொள்கிறார்கள். அதுவே அமைப்பின் பிறந்தநாள்.

1939-இல், குடியிலிருந்து மீள்வதற்கான அமைப்பின் பன்னிரண்டு படிகளை விளக்கும் நூல் வெளிவந்தது. 1941 மார்ச்சில் சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட் இதழ் அமைப்பைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. சுமார் 2,000 ஆக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை அந்த ஆண்டு முடிவதற்குள் 8,000 ஆனது. பணமும் புகழும் வந்தால் சண்டையும் வரும் என்று அனுபவத்தில் உணர்ந்தவர்கள் பன்னிரண்டு மரபுகளை வகுத்தார்கள். 1950-இல் கிளீவ்லாந்து மாநாடு அவற்றை ஏற்றது. உறுப்பினராவதற்கு வேண்டிய ஒரே தகுதி, குடியை நிறுத்தவேண்டும் என்ற விருப்பம்.

இந்தியாவில் 1957-இல் பம்பாயில் இந்த அமைப்பு வேர்விட்டது. சென்னையில் சிகிச்சை என்ற வேறொரு வழியும் திறந்தது. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-இல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று தமிழர்கள் அறிந்த இடம் அதுதான். 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

கேரளம் சட்டத்தின் பக்கமிருந்தும் இந்தச் சிக்கலை அணுகிப் பார்த்தது. 1996 ஏப்ரல் 1 முதல் சாராயம் தடை செய்யப்பட்டது. 2014-இல் வந்த மதுக் கொள்கையால் பெரும்பாலான பார்கள் மூடப்பட்டன. 2017-இல் அந்தக் கொள்கை தளர்த்தப்பட்டது. கடை மூடினாலும் திறந்தாலும் குடிநோயாளியின் மாலைப்பொழுது அவர் பொறுப்பில்தான் இருக்கிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் உதவிக்கு வருவது அந்த நேரத்தில்தான்.

கொச்சியிலும் குழுக்கள் கூடுகின்றன. தேவாலயக் கூடமோ பள்ளி அறையோ கிடைத்தால் போதும். ஒருவர் தன் முதற்பெயரைச் சொல்லி, தான் ஒரு குடிநோயாளி என்கிறார். தன் கதையைச் சொல்கிறார். இதை ஷேரிங் என்பார்கள். யாரும் குறுக்கிடுவதில்லை, புத்தி சொல்வதில்லை. முதல் நாள் வருபவர் பேசாமலே உட்கார்ந்திருக்கலாம். கட்டணம் இல்லை, உறுப்பினர்கள் இயன்றதைப் போட ஒரு பை சுற்றி வரும். பழைய உறுப்பினர் ஒருவர் ஸ்பான்சராகத் துணை நிற்பார். "இன்று ஒரு நாள் மட்டும் குடிக்க வேண்டாம்" என்பதே அங்கு புதியவருக்குச் சொல்லும் பாடம். குடிக்காமல் ஓராண்டு நிறைந்தால் பர்த்டே கொண்டாடி மெடாலியன் என்ற வில்லையைக் கொடுப்பார்கள். அன்றைய வேலைக்காகக் கங்காணி வீசியெறிந்த சாப்பா வில்லைக்குத் துறைமுகத் தொழிலாளர்கள் முட்டி மோதிய ஊர் இது. 1953-இல் அந்த முறையை எதிர்த்துப் போராடித் துப்பாக்கிச் சூட்டில் உயிர்களை இழந்த ஊர். கூட்டத்தில் தரும் வில்லையை யாரும் வீசியெறிவதில்லை. கையில் கொடுத்து அணைத்துக்கொள்கிறார்கள்.

பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு: 27 ஆய்வுகளை, மொத்தம் 10,565 பேரை, ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் மருத்துவ ஆய்வு மதிப்பீடு 2020-இல் வந்தது. இந்த வழிக்கு முறையாக நெறிப்படுத்தும் சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ 42 சதவீதம் பேர் ஓராண்டுக்குப் பின்னும் முற்றிலும் குடிக்காமல் இருந்தார்கள். மற்ற சிகிச்சைகளில் 35 சதவீதம். மந்திரம் இல்லை, ஆனாலும் இலவசமாகக் கிடைக்கும் ஒன்றுக்கு இது சிறிய பலனும் இல்லை.

ஓர் எச்சரிக்கை. நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் முதலில் போகவேண்டிய இடம் மருத்துவமனை. கேரள அரசின் விமுக்தி இயக்கம் அரசு மருத்துவமனைகளில் குடிமீட்பு மையங்களை நடத்துகிறது. அங்கேயே கூட்டங்களின் விவரத்தையும் கேட்கலாம். நாடு முழுவதற்குமான இலவச உதவி எண் 14446.

உள்ளூரில் கூச்சமாக இருந்தால் படகேறி எறணாகுளம் போங்கள். எந்தக் குழுவிலும் ஊர் கேட்டு அனுமதிப்பதில்லை. மலையாளத்தில் நடக்கும் கூட்டத்தில் தமிழில் பேசினாலும் இந்த ஊரில் புரிந்துகொள்வார்கள். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்ற தனிக் கூட்டம் உண்டு. குடிப்பவர் வர மறுத்தாலும் வீட்டார் போகலாம்.

இந்தப் பக்கத்தைக் கிழித்து யாரிடமாவது கொடுக்கத் தோன்றினால் தாராளமாகக் கிழித்துக் கொடுங்கள். அவருடைய பெயரை மட்டும் வேறு யாரிடமும் சொல்லாதீர்கள்.