தண்டப் பணத்தில் விளைந்த படிப்பு

பெய்ஜிங் நகரிலே சிங்ஹுவா பல்கலைக்கழகம் இருக்கிறது. உலகம் மதிக்கும் கல்விக்கூடம். அமெரிக்காவின் அன்பளிப்பால் பிறந்தது அது என்று கூறுவோர் உண்டு. அன்பளிப்புத்தானா, தோழர்களே? நாடு கடந்து கற்க ஆகும் செலவை ஏற்றவர் யார்? கணக்கேட்டைப் புரட்டிப் பார்ப்போம்.

ஆண்டு 1900. அயலார் ஆதிக்கங்கண்டு கொதித்தெழுந்தனர் வடசீனத்துச் சிற்றூர் மக்கள். 'பாக்சர்கள்' என்று அவர்களை மேனாட்டார் அழைத்தனர். அவர்தம் சீற்றத்திற்குக் காரணம் இருந்தது. செயலிலோ கொடுமை கலந்தது. பாதிரிமாரும் சீனக் கிறித்தவரும் பலியாயினர். மடமையும் சேர்ந்துகொண்டது! சடங்கு முடித்து மந்திரம் ஓதினால், துப்பாக்கிக் குண்டு துளைக்காது என்று நம்பினர். குண்டுக்கு மந்திரம் தெரியுமா? துளைத்தது. அவர்களை ஆதரித்துப் போர் அறிவித்த அரசியார் தலைநகரை விட்டு ஓடினார். எட்டு நாட்டுப் படைகள் பெய்ஜிங்கிலே புகுந்தன, சூறையாடின.

1901 செப்டம்பர் 7-இல் உடன்படிக்கை. சீனா செலுத்தவேண்டிய தண்டம் 45 கோடி டெயில் வெள்ளி! நூற்றுக்கு 4 வட்டி. 39 ஆண்டுத் தவணை. வட்டியும் சேர்ந்தால் 98 கோடி டெயில். சுங்க வருவாயும் உப்பு வருவாயும் ஈடு வைக்கப்பட்டன. மாநிலந்தோறும் பங்கு விதித்தனர், வரி ஏறிற்று. போர் அறிவித்தது அரண்மனை. தண்டம் கட்டியது குடிசை!

அமெரிக்காவின் பங்கு ஏறத்தாழ 2 கோடியே 44 இலட்சம் டாலர். அந்நாட்டார் அடைந்த இழப்போ அதனினும் மிகக் குறைவு. இதை எடுத்துக்காட்டி வாஷிங்டனில் விடாது வாதாடினார் சீனத் தூதர் லியாங் செங். 1908-இல் அமெரிக்கக் காங்கிரசு இசைந்தது. ஒரு கோடி டாலருக்கு மேற்பட்ட தொகை திரும்பிற்று. மாணவரை அமெரிக்காவுக்கு அனுப்பும் ஏற்பாட்டுடன்தான் திரும்பிற்று! முதல் நான்காண்டுகள் ஆண்டுக்கு 100 பேர். பின்னர் 50 பேருக்குக் குறையாமல் என்பது திட்டம்.

ஏன் இந்த அக்கறை? இல்லினாய் பல்கலைக்கழகத் தலைவர் எட்மண்ட் ஜேம்ஸ் 1906-லேயே குடியரசுத் தலைவருக்கு எழுதியிருந்தார்: சீன இளைஞருக்குக் கல்வி தரும் நாடே, அறிவுத்துறையிலும் வாணிகத்திலும் சீனத்தில் செல்வாக்கு அறுவடை செய்யும் என்று. ஈகையா, முதலீடா? நீங்களே எண்ணிப் பாருங்கள்.

1909-இல் 47 மாணவர் கப்பலேறினர். மாணவரைப் பயிற்றி அனுப்ப 1911-இல் தொடங்கிய பள்ளியே சிங்ஹுவா. 1928-இல் அது பல்கலைக்கழகமாயிற்று.

ஆயினும், விதைத்தவர் எண்ணியது ஒன்று; விளைந்தது வேறொன்று. 1910-இல் சென்றவருள் ஹூ ஷீ என்னும் இளைஞர் ஒருவர். வேளாண்மை படிக்கச் சென்றவர், மெய்யியல் நாடினார். ஜான் டூயியிடம் பயின்றார். ஆதாரம் கேட்டு ஆராயும் முறையைக் கற்றார். பண்டிதர் நடையிலே பூட்டிவைத்த இலக்கியத்தை மக்கள் மொழியில் எழுதுக என்று 1917-இல் கட்டுரை தீட்டினார். 1920-இல் தொடக்கப்பள்ளிப் பாடநூல்களிலே மக்கள் மொழி ஏறத் தொடங்கியது! பின்னாளில் இதே நிதியால் சென்ற யாங் சென்-னிங், 1957-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மந்திரத்தை நம்பி மாண்டவர் பெயரால் வந்த தண்டம், ஆராய்ந்து நம்பும் அறிவாக மாறிற்று. மகிழலாம். ஆனால், அந்த உழவன் பெயரை எந்த உதவித்தொகையும் தாங்கவில்லை.

அயல்நாட்டு உதவித்தொகை கிடைத்தால், தோழர்களே, செல்லுங்கள், கற்றுத் திரும்புங்கள். கப்பலேறுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இது யார் வியர்வை? விடை தெரிந்தவன், கற்ற கல்வியை யாருக்குத் திருப்பித் தரவேண்டும் என்பதையும் அறிவான்.