பாட்டைப் பெயர்த்து வைத்த கதை

ஒரகடத்தை ஒட்டிய வடக்குப்பட்டில் 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டிய குழிகளில் கற்காலக் கருவிகள் கிடைத்தன. சங்க காலச் செங்கல் கட்டுமானமும், ரோமானியச் சாடிகளின் ஓடுகளும், பொன் அணிகளும் கிடைத்தன. மண் காப்பாற்றிக் கொடுத்தவை எல்லாம் கல், சுட்ட மண், பொன். அந்தச் செங்கல் சுவருக்குள் வாழ்ந்தவர்கள் பாடிய பாட்டில் ஒரு சீர்கூட அங்கே இல்லை, இருக்கவும் முடியாது. நம் ஊர் ஈரத்திலும் பூச்சியிலும் பனையோலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்குவது அரிது. ஆனாலும் அதே காலத்துப் பாடல்கள் இன்று நம் கையில் இருக்கின்றன. ஓலை நைந்துபோகும் முன்பே யாரோ ஒருவர் உட்கார்ந்து புது ஓலைக்குப் பெயர்த்து எழுதியதுதான் காரணம். வீட்டில் பாட்டையும் படத்தையும் சேர்த்து வைக்கப் பல ஹார்டு டிஸ்க் செருகும் பெட்டி வாங்க நினைப்பவர் இந்தப் பழைய வழக்கத்தை மனத்தில் வைத்துக் கடைக்குப் போக வேண்டும். எத்தனை டெராபைட் கொள்ளும் என்பது இரண்டாவது கேள்வி. புது டிஸ்க்கைச் சேர்ப்பதும், நாளைக்கு எல்லாவற்றையும் வெளியே எடுப்பதும் எவ்வளவு எளிது என்பதே முதல் கேள்வி.

பக்கத்து ஸ்ரீபெரும்புதூர், இராமானுசர் 1017-ல் பிறந்த ஊர் என்பது வைணவ மரபு. அவருக்கு முந்தைய ஆசாரியரான நாதமுனி திருவாய்மொழியை மீட்ட கதையையும் அதே மரபு சொல்கிறது. அவர் காதில் விழுந்தது ஒரே ஒரு பதிகம். அதன் கடைசிப் பாசுரம், ஆயிரத்தில் இது ஒரு பத்து என்று தன் கணக்கைத் தானே சொல்லிவிடுகிறது. மீதி எங்கோ தொலைந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது அதனால்தான். கதையை நம்பாதவரும் பாட்டின் கட்டமைப்பை மறுக்க முடியாது. திருவாய்மொழி முழுவதும் அந்தாதி. ஒரு பாசுரம் முடிந்த சொல்லில் அடுத்தது தொடங்கும். நடுவில் ஒன்று விடுபட்டால் சங்கிலி அறுந்திருப்பதைப் பாடுகிறவரின் நாக்கே கண்டுபிடித்துவிடும். ஆனால் அந்தாதி குறையைக் காட்டுமே தவிர, தொலைந்த பாசுரத்தைத் திருப்பித் தராது. திருப்பித் தர இன்னொரு பிரதி வேண்டும். மீட்டதை நாதமுனி கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் என்ற இரண்டு மருமக்களிடம் ஒப்படைத்தார் என்று மரபு சொல்வது எனக்கு முக்கியமாகப் படுகிறது. குறையைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, இழந்ததை மீட்பது வேறு வேலை. பெட்டி வாங்கும்போது பலர் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஓலையிலிருந்து அச்சுக்கு வந்த கதை எல்லோரும் அறிந்தது. கேசட் வந்தபின் நடந்ததுதான் நமக்கு அதிகம் உதவும். 1980-களில் ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. ஒரு தாளில் பாட்டுகளை வரிசையாக எழுதிக் கொடுத்தால், பக்கத்துக்கு 45 நிமிடம் ஓடும் கேசட்டில் பதிந்து தருவார்கள். கல்யாணத்தை வி.எச்.எஸ். டேப்பில் எடுத்தார்கள். பிறகு ஒரு படத்துக்கு இரண்டு மூன்று என்று வி.சி.டி. வந்தது, டி.வி.டி. வந்தது, செல்போன் கடையில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் வழக்கம் வந்தது. இதே ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-ல் மூடப்பட்டது. ஒரு காலத்தில் எல்லாப் பாட்டையும் சுமந்த அந்த போன்கள் இன்று மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. ஒவ்வொரு முறையும் கருவி மாறியது, பழைய கொள்கலன் பரணுக்குப் போனது. டேப்பில் பூஞ்சை பிடித்த பிறகுதான் அதை வேறொன்றுக்கு மாற்றியிருக்கலாமே என்ற எண்ணம் வந்தது. ஓலையைப் பெயர்த்து எழுதிய வழக்கத்தை நாம் விட்ட இடம் அதுதான்.

பல டிஸ்க் செருகும் பெட்டி அந்த வழக்கத்துக்குத் திரும்ப வழி தருகிறது. அதன் வேர் 1988-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் மூவரும் ரெய்டு என்ற முறை பற்றி வெளியிட்ட கட்டுரை. உள்ளே நடப்பது மளிகைக் கடைக் கணக்குதான். ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்று எழுதிய தாளில் ஐந்து அழிந்துபோனால், பன்னிரண்டில் ஏழைக் கழித்து மீட்டுக்கொள்ளலாம். நான்கு டிஸ்க்கில் ஒன்றின் இடத்தை அந்தக் கூட்டுத்தொகைக்கு ஒதுக்கினால் ரெய்டு 5. தலா 4 டெராபைட் என்றால் 12 டெராபைட் கைக்கு வரும், எந்த ஒரு டிஸ்க் செத்தாலும் பொருள் போகாது. வீட்டுக்காரருக்குச் சிக்கல் விரிவாக்கத்தில்தான் வரும். கையில் பணம் உள்ளபோது ஒன்று, தள்ளுபடியில் ஒன்று என்று வாங்குவதால் டிஸ்க்குகளின் அளவு ஒன்றாக இருக்காது. 4, 4, 8, 8 டெராபைட் என்று செருகினால் சாதாரண ரெய்டு 5 எல்லாவற்றையும் 4 என்றே எண்ணி 12 தரும். அளவு கலந்தாலும் ஏற்றுக்கொள்ளும் சினாலஜி நிறுவனத்தின் எஸ்.எச்.ஆர். முறையில் அதே நான்கும் 16 தரும். ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்த்து வைப்பதில், அதாவது அந்தாதியின் வேலையில், தேர்ந்தது இசட்.எஃப்.எஸ். என்ற கோப்பு முறைமை. ஆனால் அதன் ரெய்டு-இசட் தொகுதியில் ஒற்றை டிஸ்க்கைச் சேர்த்து நீட்டும் வசதி 2025 ஜனவரியில் வந்த ஓப்பன் இசட்.எஃப்.எஸ். 2.3-ல்தான் கிடைத்தது.

வெளியே எடுக்கும் வழி ஏன் முக்கியம் என்பதற்கு டிரோபோ என்ற பெட்டியின் வரலாறு போதும். 2007-ல் வந்த அந்தப் பெட்டியில் எந்த அளவு டிஸ்க்கையும் செருகலாம், சேர்ப்பது மிக எளிது. ஆனால் உள்ளே எழுதும் முறை அந்த நிறுவனத்துக்கு மட்டுமே உரியது. 2022-ல் நிறுவனம் திவால் மனு போட்டது, அடுத்த ஆண்டு கலைக்கப்பட்டது. அதன் டிஸ்க்கைக் கழற்றிச் சாதாரணக் கணினியில் செருகினால் திறக்காது. மாறாக, எஸ்.எச்.ஆர். லினக்ஸின் பொதுவான கருவிகள் மேல் கட்டப்பட்டது. பெட்டியே செத்தாலும் டிஸ்க்குகளை லினக்ஸ் கணினியில் செருகித் திறக்க வழி உண்டு. சேர்ப்பதில் எளிமை இருந்தும் வெளியேற வழி இல்லாத பெட்டியை வாங்கக் கூடாது என்பதற்கு டிரோபோவைவிட வேறு சான்று வேண்டாம்.

எல்லாம்தான் இணையத்தில் ஓடுகிறதே, வீட்டில் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உரிமம் முடிந்தால் படம் அங்கிருந்து போய்விடும் என்பது ஒருபுறம். அக்காவின் கல்யாண டேப்பும், காஞ்சிபுரத்துப் பக்கம் விடிய விடிய நடந்த தெருக்கூத்தின் பதிவும் எந்தச் சேவையிலும் ஒருநாளும் வரப்போவதில்லை. ஒரே பெரிய டிஸ்க் வாங்கி, இன்னொன்றில் நகல் வைத்தால் போதாதா என்ற கேள்வி நியாயமானது. மொத்தமே 4 டெராபைட்டுக்குள் அடங்கும் வீட்டுக்கு அதுவே நல்லது, பெட்டி வேண்டாம். 50 ஜிபி புளூரே வட்டுகளை அப்படியே சேர்க்கத் தொடங்கினால் 4 டெராபைட் எண்பது படத்தில் நிறைந்துவிடும்; அப்போதுதான் பெட்டிக்குத் தேவை வருகிறது. 2011-ல் தாய்லாந்து வெள்ளத்தில் ஆலைகள் மூழ்கி ஹார்டு டிஸ்க் விலை எகிறியதே, முழுவதையும் இப்போதே வாங்கிவிடலாமே என்பார்கள். அந்த ஏற்றம் பிறகு தணிந்தது. ஒரே நாளில் ஒரே கட்டில் வாங்கிய டிஸ்க்குகள் ஒரே சமயத்தில் தேயும் ஆபத்து தணிவதில்லை. கூடவே, எழுதும் தடங்கள் நாட்டு ஓடு வேய்ந்த கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் எஸ்.எம்.ஆர். வகையைத் தவிர்க்க வேண்டும். ஓர் ஓட்டை மாற்றப் பக்கத்து ஓடுகளையும் கிளப்ப வேண்டியதுபோல, செத்த டிஸ்க்குக்குப் பதில் புதியதை நிரப்பும்போது அது திணறும். 8 டெராபைட்டை நொடிக்கு 150 எம்.பி. வேகத்தில் நிரப்பினாலே பதினைந்து மணி நேரம் ஆகும், நடுவில் கரண்ட் போகாமல் இருக்க யு.பி.எஸ். வேண்டும்.

வலிமையான எதிர்வாதம் 2015 டிசம்பரில் வந்தது. மணிமங்கலம், வரதராஜபுரம், முடிச்சூர் வீடுகளுக்குள் அடையாற்று வெள்ளம் புகுந்தபோது கீழ்த்தளத்தில் இருந்த எல்லாமே நனைந்தன. ஒரே பெட்டிக்குள் நான்கு டிஸ்க் இருந்தால் நான்கும் சேர்ந்தே மூழ்கும், அங்கே கூட்டுத்தொகைக் கணக்கு உதவாது. கைதவறி அழித்த கோப்புக்கும் அது உதவாது. ஆகவே ரெய்டு இருக்கிறது என்பதற்காக நகலை விட்டுவிடுவது தவறு. பெட்டியில் இரண்டு தட்டைக் காலியாக விட்டு வாங்கி, அந்தக் காசில் தனி டிஸ்க் ஒன்றில் மாற்ற முடியாதவற்றை மட்டும் எழுதி, வேறு ஊரில் மாடி வீட்டில் இருக்கும் உறவினரிடம் கொடுத்து வைக்கலாம். படம் மறுபடி கிடைக்கும், கல்யாணம் மறுபடி நடக்காது. ஏடு எழுதி முடித்தவர்கள் கடைசி ஓலையில் ஆண்டும் நாளும் தம் பெயரும் எழுதினார்கள். அதேபோல ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் வாங்கிய தேதி, செருகிய தட்டு, எழுதிய முறை மூன்றையும் ஒரு சிறு தாளில் எழுதி ஒட்ட வேண்டும். பத்து ஆண்டு கழித்து அதைத் திறக்கப் போவது வாங்கியவராக இல்லாமல் அவர் பிள்ளையாக இருக்கலாம்.